நின்றால் சூடா, ஓடினால் சூடா?

மே மாதம், கத்திரி தொடங்கி நான்கைந்து நாள் ஆகியிருந்தது. கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து புதுச்சேரிக்குக் கிளம்பினோம். அப்பா காலத்து அம்பாசிடர், 1987 மாடல் மார்க் 4, பெட்ரோல் வண்டி. பெண்ணையாற்றுப் பாலம் தாண்டி ரெட்டிச்சாவடி வரைக்கும் டெம்பரேச்சர் முள் நடுவில்தான் நின்றது. அதற்கப்புறம் ரோடு காலியாக இருக்கவே அறுபது, எழுபது என்று ஓட்டினேன். கிருமாம்பாக்கம் வருவதற்குள் முள் சிவப்பைத் தொட்டுவிட்டது. வேகத்தைக் குறைத்து மெல்ல உருட்டிக்கொண்டே போனேன். அரியாங்குப்பம் நெரிசலில் வண்டி ஊர்ந்தது. இங்கே கண்டிப்பாகக் கொதித்துவிடும் என்று வயிற்றைக் கலக்கியது. ஆனால் முள் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிப் பழைய இடத்துக்கே வந்து நின்றது.

இதைச் சொன்னபோது ஒருவரும் காதில் வாங்கவில்லை. பழைய வண்டி என்றால் டிராஃபிக்கில்தான் சூடாகும் என்று எல்லோர் மனதிலும் பதிந்திருக்கிறது. ஒரு பட்டறையில் ஃபேன் பெல்ட்டை மாற்றினார்கள். இன்னொன்றில், தண்ணீர் சூடானதும் ரேடியேட்டருக்கு வழி திறந்துவிடும் தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றிக் கையில் கொடுத்து, "நம்ம ஊர் வெயிலுக்கு இது தேவையில்ல சார்" என்றார்கள். சூடு அப்படியே இருந்தது. மூன்றாவதாகப் போனது ரேடியேட்டர் வேலை மட்டுமே செய்யும் ஒரு சின்னக் கடை. அங்கிருந்த பெரியவர் பானட்டைத் திறக்கும் முன்பே கேட்டார்: "தம்பி, நின்னா ஹீட் ஆவுதா, ஓடுனா ஹீட் ஆவுதா?"

இந்த ஒரு கேள்வியைக் கேட்காமல்தான் பழைய வண்டிக்காரர்கள் பலர் பணத்தைக் கொட்டுகிறார்கள். ரேடியேட்டர், தண்ணீர் பம்ப், ஹெட் கேஸ்கட் (இன்ஜின் பிளாக்குக்கும் அதன் மேலுள்ள ஹெட்டுக்கும் நடுவே இருக்கும் அடைப்புத் தகடு) என்று ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டே போவதற்கு முன், வண்டி எப்போது சூடாகிறது என்று இரண்டு நாள் கவனித்தால் போதும். சந்தேகப்பட வேண்டிய பொருள்களில் பாதி அங்கேயே கழிந்துவிடும். ஏன் என்று புரிய, சூடு எங்கே பிறந்து எங்கே போகிறது என்று கொஞ்சம் பார்க்க வேண்டும்.

பெட்ரோல் எரிந்து வரும் சக்தியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் சக்கரத்தைச் சுற்றும் வேலைக்கு வருகிறது. இன்னொரு பங்கு சைலன்சர் வழியாகப் புகையோடு போய்விடுகிறது. மீதியை இன்ஜினைச் சுற்றி ஓடும் தண்ணீர் வாங்கிக்கொண்டு ரேடியேட்டருக்குக் கொண்டுபோய், அங்கே காற்றிடம் கொடுத்துவிட்டுத் திரும்ப வரவேண்டும். அதாவது இரண்டு ஓட்டங்கள் சரியாக நடக்க வேண்டும்: உள்ளே தண்ணீரின் ஓட்டம், வெளியே காற்றின் ஓட்டம்.

காற்று எவ்வளவு சூட்டை வாங்கும் என்பது தண்ணீருக்கும் வெளிக்காற்றுக்கும் உள்ள சூட்டு வித்தியாசத்தைப் பொறுத்தது. தண்ணீர் 90 டிகிரி, மார்கழிக் காலைக் காற்று 25 டிகிரி என்றால் வித்தியாசம் 65. கத்திரியில் காற்று 40 டிகிரிக்குப் போகும்போது வித்தியாசம் 50தான். அதே ரேடியேட்டர் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு குறைவாகத்தான் சூட்டை வெளியேற்றும். மார்கழியில் ஒழுங்காக ஓடிய வண்டி மே மாதத்தில் மட்டும் தகராறு செய்வதற்கு இதுதான் காரணம். கோளாறு மே மாதத்தில் வருவதில்லை. முன்பே இருந்தது, வெயில் அதை வெளியே கொண்டுவருகிறது. நம் கடற்கரையின் புழுக்கத்தையும் சிலர் காரணமாகச் சொல்வார்கள். புழுக்கம் நமக்குத்தான், நம் வியர்வை காயாததால். ரேடியேட்டருக்கு வியர்ப்பதில்லை; அதற்குக் காற்றின் சூடு மட்டும்தான் கணக்கு.

ரேடியேட்டர் மூடியைப் பற்றியும் இங்கே சொல்லிவிட வேண்டும். அது வெறும் மூடி இல்லை, குக்கரின் வெயிட் போன்றது. உள்ளே அழுத்தம் ஏறினால் தண்ணீர் கொதிக்கும் சூடும் ஏறும். 7 பவுண்டு மூடி (சதுர அங்குலத்துக்கு அத்தனை பவுண்டு அழுத்தத்தை நிறுத்தி வைப்பது) போட்டால் தண்ணீர் ஏறத்தாழ 111 டிகிரியில்தான் கொதிக்கும். 13 பவுண்டு மூடியில் 119 வரை தாங்கும். மூடியின் ரப்பர் வளையம் காய்ந்து வெடித்திருந்தால் அழுத்தம் நிற்காது, 100 டிகிரியிலேயே கொதித்து வழியும். அதற்காகப் பழைய ரேடியேட்டருக்குக் கூடுதல் பவுண்டு மூடி போடவும் கூடாது. ஈயம் வைத்துப் பற்றிய இணைப்புகள் அந்த அழுத்தத்தைத் தாங்காமல் விட்டுவிடும். வண்டிக்கு எத்தனை பவுண்டு சொல்லியிருக்கிறதோ அதுதான்.

சரி, கேள்விக்கு வருவோம். நிற்கும்போது சூடாகி, ஓடினால் தணிகிறது என்றால் குறை காற்றில் இருக்கிறது. ஓடும் வண்டிக்கு எதிர்காற்றே போதும். நின்றால் ஃபேன்தான் காற்றை இழுக்க வேண்டும். இது மோட்டார் வண்டி பிறந்த காலத்திலேயே தெரிந்த விஷயம். 1901இல் வந்த மெர்சிடிஸ் வண்டிக்கு வில்ஹெல்ம் மேபாக் 8,070 சின்னக் குழாய்களை வைத்துத் தேன்கூடு போன்ற ரேடியேட்டர் செய்தார். அதற்குப் பின்னாலும் ஒரு ஃபேனை வைத்தார், மெதுவாகப் போகும்போது குளிரவேண்டும் என்பதற்காக.

அம்பாசிடர், பத்மினி போன்ற வண்டிகளில் ஃபேனைச் சுற்றுவது பெல்ட். பெல்ட் தளர்ந்தால் ஃபேனும் வழுக்கும், அதே பெல்ட்டில் ஓடும் பம்பும் வழுக்கும். பெல்ட்டின் நீளமான பக்கத்தில் கட்டைவிரலால் அழுத்தினால் அரை அங்குலம் போல இறங்கலாம், அதற்குமேல் போனால் இறுக்க வேண்டும். மாருதி 800 போன்ற வண்டிகளில் ஃபேனுக்குத் தனி மோட்டார். அங்கே பெல்ட் காரணமில்லை. ஃபியூஸ், ரிலே, சூடு ஏறியதும் ஃபேனை ஓடவிடும் தெர்மோ சுவிட்ச், மோட்டார் என்று நான்கு இடம்தான். வண்டியை நிறுத்தி ஐடிலில் விட்டு, முள் நடுவைத் தாண்டும்போது ஃபேன் ஓடுகிறதா என்று காது கொடுத்துக் கேட்டாலே தெரியும். ஓடவில்லை என்றால், இரண்டு வயர் வரும் சுவிட்சாக இருந்தால் கனெக்டரைக் கழற்றி இரண்டையும் ஒரு துண்டுக் கம்பியால் இணைத்துப் பாருங்கள். ஃபேன் ஓடினால் சுவிட்ச் போய்விட்டது, ஓடவில்லை என்றால் மற்ற மூன்றில் ஒன்று. கையை ஃபேன் பக்கம் கொண்டுபோகாதீர்கள். சாவியை எடுத்த பிறகும் சில வண்டிகளில் அது தானாகச் சுற்ற ஆரம்பிக்கும்.

ஃபேன் நன்றாக இருந்தும் நின்றால் சூடாகிறதென்றால், ரேடியேட்டரின் முகத்தைப் பார்க்க வேண்டும். கடலோரத்து உப்புக்காற்றில் அந்த மெல்லிய தகட்டு மடிப்புகள் அரித்துப் பொடியாகிவிடும். விரலால் லேசாகத் தேய்த்தால் உதிர்ந்தால், அந்த ரேடியேட்டரில் தண்ணீர் ஓடும், சூடு இறங்காது. ஏசி வண்டியில், ஏசியின் சூட்டை வெளியேற்றும் கண்டன்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே தூசும் பூச்சியும் கம்பளி போல அடைந்திருக்கும், வெளியிலிருந்து பார்த்தால் தெரியவே தெரியாது.

அடுத்தது, ஓடினால் சூடாகிறது, நின்றால் தணிகிறது என்கிற வகை. என் வண்டியைப் போல. எதிர்காற்று அள்ளி வீசும்போதே சூடாகிறது என்றால் காற்றில் குறையில்லை. வேகம் கூடும்போது இன்ஜின் அதிக சூட்டை உண்டாக்குகிறது, அதைச் சுமந்து போகும் அளவுக்குத் தண்ணீர் ஓடவில்லை. ரேடியேட்டர் குழாய்களில் அடைப்பு, பம்பின் இறக்கைகள் அரித்துப்போனது, தெர்மோஸ்டாட் பாதி திறந்து சிக்கிக்கொண்டது, இவைதான் வழக்கமான காரணங்கள். பெட்ரோலைப் பற்றவைக்கும் பொறியின் டைமிங் பின்தங்கியிருந்தாலும், பிரேக் முழுவதும் விடாமல் ஒட்டிக்கொண்டே ஓடினாலும் இப்படி ஆகலாம். அடைப்பைக் கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று உண்டு. இன்ஜின் நன்றாகச் சூடானதும் அணைத்துவிட்டு, மோட்டார் ஃபேன் என்றால் அதன் வயரையும் கழற்றிவிட்டு, ரேடியேட்டரின் முகத்துக்கு நேரே உள்ளங்கையை ஒட்டாமல் பிடித்துக்கொண்டு மேலிருந்து கீழே கொண்டுவாருங்கள். சூடு சீராகக் குறைந்தால் நல்லது. நடுவில் ஒரு இடம் மட்டும் சில்லென்று இருந்தால் அந்தக் குழாய்களில் தண்ணீர் போகவில்லை.

பெரியவர் அதைச் செய்து பார்த்தார், என் ரேடியேட்டரில் பெரிய குறையில்லை. பிறகு வண்டியை ஐடிலில் விட்டு, குனிந்து, ரேடியேட்டரின் அடியிலிருந்து பம்புக்குப் போகும் கீழ் ஹோஸைப் பார்க்கச் சொன்னார். உருண்டையாக, ஒழுங்காக இருந்தது. அப்புறம் கார்புரேட்டர் பக்கம் கையை விட்டு ஆக்ஸிலரேட்டர் கம்பியை இழுத்தார். இன்ஜின் இரைந்தது. என் கண்ணெதிரே அந்த ஹோஸ் இளநீர் ஸ்ட்ராவை வேகமாக உறிஞ்சினால் ஒட்டிக்கொள்ளுமே, அப்படிச் சப்பையாகிப் போனது. கம்பியை விட்டார், ஹோஸ் பழையபடி உப்பியது.

பம்ப் கீழ் ஹோஸிலிருந்துதான் தண்ணீரை உறிஞ்சுகிறது. வேகம் கூடக் கூட உறிஞ்சும் பலமும் கூடும். ரப்பர் இளகிப்போயிருந்தால் குழாய் ஒட்டிக்கொண்டு தண்ணீரை நிறுத்திவிடும். கிருமாம்பாக்கத்தில் முள் ஏறியதும் அரியாங்குப்பத்தில் இறங்கியதும் இதனால்தான். இரண்டு பட்டறைகளிலும் ஐடிலில் வைத்தே பார்த்தார்கள், ஹோஸ் உருண்டையாகவே இருந்தது.

கழற்றிப்போட்ட தெர்மோஸ்டாட்டைப் பற்றி எனக்கு அழுத்தமான கருத்து உண்டு. தயவுசெய்து அதைக் கழற்றாதீர்கள். சூடான ஊருக்கு அது வேண்டாம் என்பது தவறு. இன்ஜின் சீக்கிரம் சரியான சூட்டுக்கு வந்து அங்கேயே நிற்பதற்காகத்தான் அது இருக்கிறது. இல்லையென்றால் காலையில் நெடுநேரம் இன்ஜின் குளிர்ந்தே ஓடும். பெட்ரோல் சரியாக ஆவியாகாமல் ஆயிலில் கலக்கும், மைலேஜ் இறங்கும், சிலிண்டர் தேயும். சில இன்ஜின்களில் தெர்மோஸ்டாட் திறக்கும்போதே பைபாஸ் வழியை அடைக்கும். அதை எடுத்துவிட்டால் தண்ணீரில் ஒரு பகுதி ரேடியேட்டருக்கே போகாமல் குறுக்கு வழியில் திரும்பி, சூடு கூடவே செய்யும். நல்லதா கெட்டதா என்று பார்க்க அடுப்பு போதும். பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, தெர்மோஸ்டாட்டை நூலில் கட்டி அடி தொடாமல் தொங்கவிட்டு, கூடவே ஒரு தெர்மாமீட்டர் வையுங்கள். மேலே 82 என்று பொறித்திருந்தால் அந்தச் சூட்டுக்குப் பக்கத்தில் திறக்கத் தொடங்கி, தண்ணீர் கொதிப்பதற்குள் முழுவதும் திறந்துவிட வேண்டும்.

நின்றாலும் ஓடினாலும் ஒன்றுதான், ஸ்டார்ட் செய்த கொஞ்ச நேரத்திலேயே ஏறுகிறது என்றால், முதலில் தண்ணீர் குறைந்திருக்கிறதா என்று பாருங்கள். கீழே ஒரு சொட்டுகூட ஒழுகாமல் தண்ணீர் மட்டும் குறைந்துகொண்டே வந்தால் ஹெட் கேஸ்கட்டைச் சந்தேகிக்க வேண்டும். குளிர்ந்த வண்டியில் மூடியைத் திறந்து ஸ்டார்ட் செய்தால் ரேடியேட்டர் வாயில் விடாமல் குமிழி வரும். ஸ்டார்ட் செய்த ஓரிரு நிமிடத்தில் மேல் ஹோஸ் கல்லாக இறுகும். ஆயில் மூடியின் உட்புறம் பால் காபி நிறத்தில் பிசுபிசுப்பு இருக்கும். சின்னச் சின்ன ஓட்டம் மட்டும் ஓடும் வண்டியிலும் அது கொஞ்சம் இருக்கும் என்பதால் அதை மட்டும் வைத்து முடிவு செய்யக் கூடாது. கேஸ்கட் போனது உறுதியானால் ஹெட்டை இறக்கத்தான் வேண்டும். இறக்கினால் லேத்தில் கொடுத்து மட்டம் பார்க்காமல் திரும்ப ஏற்றாதீர்கள், முக்கியமாக அலுமினிய ஹெட் என்றால். அலுமினியம் சூட்டில் வார்ப்பிரும்பைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு விரிவதால், ஒருமுறை நன்றாகச் சூடானாலே அது கோணிக்கொள்ள வாய்ப்பு உண்டு.

முள் ஏறாமலேயே மதிய வெயிலில் வண்டி அணைந்து, அரை மணி கழித்து ஒன்றுமே நடக்காததுபோல ஸ்டார்ட் ஆகிறதா? அது வேறு. கார்புரேட்டர் வண்டியில் பெட்ரோல் பம்பிலேயே பெட்ரோல் ஆவியாகி அடைத்துக்கொள்வது. பம்பின் மேல் ஈரத்துணி போடும் பழைய டாக்ஸிக்காரர்களின் வழக்கம் இதற்குத்தான். ரேடியேட்டரை மாற்றி இது தீராது.

வழியில் சூடாகிவிட்டால் ஏசியை அணைத்து, ஹீட்டர் இருந்தால் முழுவதும் திறந்து, ஓரமாக நிறுத்தி இன்ஜினை அணைத்துவிடுங்கள். ஹீட்டரும் ஒரு குட்டி ரேடியேட்டர்தான். மூடியில் மட்டும் கை வைக்காதீர்கள். 110 டிகிரித் தண்ணீர் அழுத்தத்தால்தான் கொதிக்காமல் அடங்கியிருக்கிறது. மூடி திறந்த நொடியில் ஆவியாகி முகத்தில் அடிக்கும். அரை மணியாவது காத்திருங்கள், மேல் ஹோஸைப் பிடித்தால் கை தாங்கும் சூடு வரவேண்டும். சூடான இன்ஜினில் பச்சைத் தண்ணீரைக் கொட்டினால் பிளாக் வெடிக்கக்கூடும். இன்னொன்று, சிவப்பிலிருந்த முள் திடீரென்று கீழே விழுந்தால் நிம்மதி அடையாதீர்கள். சென்சார் தண்ணீரில் முழுகியிருந்தால்தான் சூட்டைச் சரியாகச் சொல்லும். தண்ணீர் வற்றிப்போனால் முள் குளிர்ச்சியைக் காட்டும், இன்ஜின் உள்ளே எரிந்துகொண்டிருக்கும்.

என் ஹோஸுக்குத் திரும்புகிறேன். பெரியவர் அதை அறுத்துப் பிளந்தார். கடையில் நீளத்துக்கு வெட்டி வாங்கிப் போட்ட ஹோஸ் அது, சப்பையாகாமல் இருக்க உள்ளே ஒரு கம்பிச் சுருளை எப்போதோ நுழைத்திருந்திருக்கிறார்கள். சுருள் இருந்த இடத்தில் செம்மண் நிறத்தில் சில துண்டுகள்தான் கிடந்தன. விரலில் நசுக்கினேன், பொரிகடலைத் தோல் போல நொறுங்கியது. "என்னா தண்ணி ஊத்துறீங்க?" என்றார். போர் தண்ணீர். எங்கள் தெருவில் எல்லோரும் ஊற்றுவதுதான்.

கடலூரிலும் புதுச்சேரியிலும் கரையோரத்து நிலத்தடி நீரில் பல இடங்களில் கடல்நீர் ஏறியிருக்கிறது. வாயில் வைத்தாலே தெரியும். அந்த உப்பு ரேடியேட்டரின் செம்பு, பித்தளை, பிளாக்கின் இரும்பு, ஹெட்டின் அலுமினியம் எல்லாவற்றையும் ஒரே உப்புக் கரைசலில் முழுக்கி வைக்கிறது. வேறு வேறு உலோகம், நடுவே உப்புத் தண்ணீர் என்றால் அது ஒரு பேட்டரிதான். அதில் வலுவில்லாத உலோகம் கரைந்துகொண்டே இருக்கும். இதோடு சுண்ணாம்புக் காவி. வெந்நீர்ப் பானையில் படிவதேதான். அந்தச் சுண்ணாம்பு சூட்டில் கரைவதற்குப் பதிலாகப் படியும். அதனால் எங்கே இன்ஜின் அதிகச் சூடோ அங்கேதான், சிலிண்டர் சுவரின் மேல், முதலில் காவி கட்டும். அது சூட்டைக் கடத்தும் திறன் இரும்போடு ஒப்பிட்டால் மிகக் குறைவு. சூடு தண்ணீருக்கு வராமல் உலோகத்திலேயே தங்கிவிடும், முள்ளுக்குக்கூடத் தெரியாமல்.

பிளாக்கின் பின்பக்கம் தண்ணீர் திறந்துவிட ஒரு சின்னக் குழாய் உண்டு. திறந்தோம், ஒன்றும் வரவில்லை. கம்பி விட்டுக் குத்தியபோது முதலில் சேறு வந்தது, ஆற்று வண்டல் போலக் குழகுழவென்று, பிறகுதான் தண்ணீர். பம்ப் முன்னால் இருப்பதால் அதற்குத் தொலைவான நாலாவது சிலிண்டரைச் சுற்றித்தான் ஓட்டம் மந்தமாகி எல்லாக் கசடும் தங்கும். ரேடியேட்டரைக் கழற்றித் தனியாகத் தலைகீழாகக் கழுவினோம், இன்ஜினைத் தனியாகக் கழுவினோம். முதல் தடவை கறுப்பு டீ நிறம், மூன்றாவது தடவை மங்கல், ஐந்தாவதுதான் தெளிவு. கடைசி அலசலுக்கு டிஸ்டில்டு வாட்டர். இல்லையென்றால் உள்ளே தங்கும் போர் தண்ணீரே, தண்ணீரோடு கலந்து ஊற்றும் புதுக் கூலன்ட் திரவத்தைக் கெடுத்துவிடும்.

பனியே விழாத ஊருக்குக் கூலன்ட் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. நமக்கு வேண்டியது அதிலுள்ள துரு தடுக்கும் மருந்து. சூட்டைச் சுமப்பதில் வெறும் தண்ணீர்தான் கூலன்ட்டைவிடச் சிறந்தது. அதனால் கெட்டியான கூலன்ட்டைத் தண்ணீர் கலக்காமல் ஊற்றினால் குளிர்ச்சி குறையும். பாதிக்குப் பாதி, இன்வெர்ட்டருக்கு வாங்குகிற அதே டிஸ்டில்டு வாட்டரோடு. வழக்கமான பச்சைக் கூலன்ட்டின் மருந்து இரண்டு வருடத்தில் தீர்ந்துவிடும். நிறம் அப்படியே இருக்கும், காவல் இருக்காது. வேறு வகை கூலன்ட்டை அதோடு கலக்காதீர்கள். ஊற்றும்போது வண்டியின் முன்பக்கத்தை மேட்டில் நிறுத்தி, மூடியைத் திறந்து ஐடிலில் விட்டால், தெர்மோஸ்டாட் திறக்கும்போது சிக்கிய காற்று வெளியே வரும். மட்டம் இறங்கும், திரும்ப ஊற்ற வேண்டும்.

புது ஹோஸ், புதுச் சுருள், அடுப்பில் சோதித்த தெர்மோஸ்டாட். அதே கத்திரி முடிவதற்குள் அதே ரோட்டில் எழுபதில் போனேன். புதுச்சேரி மரப்பாலம் வரைக்கும் முள் அசையவில்லை.

வடித்த பழைய கூலன்ட்டைச் சாக்கடையிலோ தெருவிலோ ஊற்றாதீர்கள். அது இனிக்கும். நாய் நக்கினால் சிறுநீரகம் போய்ச் செத்துவிடும், கொஞ்சம் போதும். நான் அதை மூடியுள்ள கேனில் பிடித்து, கழிவு ஆயில் எடுக்கும் பட்டறையில் கொண்டுபோய்க் கொடுக்கிறேன். தரையில் சிந்தியதை மண் போட்டு அள்ளிவிட்டு, நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவுகிறேன்.